காகிதப்பூவுக்குப் பெயர் வந்த கதை

மதில் சுவர்களிலும் நெடுஞ்சாலை நடுத்திட்டுகளிலும் கொத்துக் கொத்தாகப் பூக்கும் காகிதப்பூ, தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி. தாவரவியலில் அது போகன்வில்லா. பிரெஞ்சுத் தளபதி பூகன்வில்லின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அதைத் தேடிப் பறித்தவர் அவரல்ல.

1766இல் உலகைச் சுற்றிவர அவருக்கு இரண்டு கப்பல்கள் கொடுத்தது பிரெஞ்சு அரசு. செடிகொடிகளைத் திரட்டும் பொறுப்பு கொமெர்சோன் என்ற மருத்துவருக்கு. கடற்படைக் கப்பலில் பெண்கள் பயணம் செய்யத் தடை இருந்த காலம். கொமெர்சோனின் வீட்டைக் கவனித்துவந்த 26 வயது ழான் பாரே, ஆண் உடையில் ரோஷ்ஃபோர் துறைமுகத்துக்கு வந்தார். முன்பின் தெரியாதவர் போல அவரிடமே உதவியாளாகச் சேர்ந்தார். கொமெர்சோன் கொண்டுவந்த சாமான்களுக்கு இடம் போதாததால் 'எத்துவால்' கப்பலின் கேப்டன் தம் அறையையே விட்டுக்கொடுத்தார். அறையோடு தனிக் கழிப்பிடமும் கிடைத்தது. வேஷம் கலையாமலிருக்க அதுவே பேருதவி.

1767இல் ரியோ டி ஜெனீரோவில்தான் இந்தச் செடி அகப்பட்டது. காகிதம் போன்ற வண்ண 'இதழ்கள்' மூன்றும் உண்மையில் இலைகள். அவற்றின் நடுவே மெலிந்து வெளிறி நிற்பதே பூ. கொமெர்சோனுக்கோ காலில் ஆறாத புண். ஆகவே ஏறி இறங்கிப் பறித்தவர் பாரேயாகவே இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் சிலரின் கணிப்பு. மாகெல்லன் நீரிணையின் பனிமலைகளில் சாப்பாடு, துப்பாக்கி, செடிகளை அழுத்திவைக்கும் தாள்கட்டு என எல்லாவற்றையும் சுமந்தவரும் அவர்தான்.

1768இல் டஹிட்டித் தீவில் குட்டு உடைந்தது. பார்த்த மாத்திரத்தில் பெண் என்று சொல்லிவிட்டார்கள் தீவுவாசிகள். பூகன்வில் விசாரித்தபோது, எஜமானரைத் தானே ஏமாற்றியதாகக் கண்ணீரோடு பழியை ஏற்றுக்கொண்டார் பாரே. தளபதி தண்டிக்கவில்லை. உலகைச் சுற்றும் முதல் பெண் இவராகத்தான் இருப்பார் என்று எழுதிவைத்தார்.

அந்தச் சுற்று முடியப் பல ஆண்டுகள் பிடித்தன. கொமெர்சோனும் பாரேயும் மொரீசியஸில் இறங்கிவிட, 1773இல் கொமெர்சோன் அங்கேயே இறந்தார். மறு ஆண்டு ஒரு படைவீரரை மணந்த பாரே, அவரோடு பிரான்ஸ் திரும்பினார். பெண்களை ஏற்றாத அதே கடற்படை, 1785இல் அவருக்கு ஆண்டுக்கு 200 லிவர் ஓய்வூதியம் கொடுத்தது. 1789இல் காகிதப்பூவின் பெயர் நூலில் ஏறியது.

பாரேயின் பெயரிலும் ஒரு செடி இருக்க வேண்டும் என்று கொமெர்சோன் நினைத்ததுண்டு. அவர் தேர்ந்தெடுத்த செடிக்கு அதற்குள் வேறு பெயர் அமைந்துவிட்டது. கொமெர்சோன் பெயரில் எழுபதுக்கும் மேற்பட்ட உயிரினங்கள் இருக்க, பாரேயின் முறை வந்தது 2012இல். ஈக்வடார், பெரு நாடுகளில் வளரும் ஒரு செடிக்கு 'சொலானம் பாரெட்டியே' என்று பெயரிட்டார்கள். நம் கத்தரிக்கும் சுண்டைக்கும் அது பங்காளி.