மைல்கல்லும் டாஷ்போர்டும்: மென்பொருள் வெளியீட்டுக் காலத்தைக் கண்காணித்த வரலாறு

மென்பொருள் துறையில் 'மைல்கல்' என்பது ஒரு பதிப்பு வெளிவருவதற்கு முன் குழு கடக்க வேண்டிய கட்டத்தைக் குறிக்கும். வடிவமைப்பு முடிதல், புதிய வசதிகள் சேர்ப்பதை நிறுத்துதல், சோதனைப் பதிப்பு, இறுதி வெளியீடு என இவை வரிசையாக அமைகின்றன. எந்தக் குழு எந்தக் கட்டத்தை எப்போது அடைவதாகச் சொன்னது, உண்மையில் எப்போது அடைந்தது என்பதை ஒரே திரையில் தொகுத்துக் காட்டும் பலகையே டாஷ்போர்டு. திரை புதியது. அதன் பின்னால் இருக்கும் சிக்கல் கணினியைவிடப் பழையது.

தகடூர் நாட்டுக் காதக்கல்

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44, நல்லம்பள்ளியை ஒட்டிச் சென்று தொப்பூர்க் கணவாயில் இறங்குகிறது. பெங்களூரு மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்யும் பலர் விடுமுறைக்கு ஊர் திரும்பும் சாலை இது. இதே தருமபுரி மாவட்டத்தில், அதியமான் பெருவழி என்ற பழைய வணிகப் பாதையின் தொலைவைக் காட்டும் காதக்கற்கள் கிடைத்துள்ளன. இவை 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கணிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று நாவற்றாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் என்று எழுத்தில் சொல்கிறது. எழுத்துக்குக் கீழே இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டப்பட்டுள்ளன. பெரிய குழி பத்தையும் சிறிய குழி ஒன்றையும் குறிக்கும். எழுத்தறியாத வண்டிக்காரரும், இருட்டில் வந்தவரும்கூட, கையால் தடவி மீதித் தொலைவை அறிந்துகொள்ளலாம்.

நல்ல டாஷ்போர்டு செய்ய வேண்டியதை இந்தக் கல் செய்துவிட்டது: பார்த்தவுடன் புரிகிறது, பார்ப்பவர் யாராக இருந்தாலும் ஒரே விடையைத் தருகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. காதக்கல்லை நட்டவர் வேறு, நடந்தவர் வேறு. மென்பொருளில் நடப்பவரே கல்லை நடுகிறார். தேவைப்பட்டால் இரவோடு இரவாகப் பிடுங்கி வேறிடத்திலும் நட்டுவிடுகிறார்.

சுவரில் தொங்கிய அட்டவணைகள்

போலந்துப் பொறியாளர் கரோல் அடமியெட்ஸ்கி 1890களிலும், அமெரிக்கரான ஹென்றி காண்ட் 1910களிலும் வேலைகளைக் கால அச்சில் பட்டைகளாக வரையத் தொடங்கினர். காண்ட் பெயரே நிலைத்தது. 1958இல் அமெரிக்கக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகப் 'பெர்ட்' என்ற முறையை உருவாக்கியது. வேலைகளுக்கு இடையிலான சார்புகளை வலைப்பின்னலாக வரைந்து, ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கால மதிப்பீடுகளைக் கேட்டுக் கணக்கிடும் முறை அது. 1960இல் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து போலாரிஸ் வெற்றிகரமாக ஏவப்பட்டதும் பெர்ட்டின் புகழ் உலகெங்கும் பரவியது.

அந்தப் புகழை ஹார்வி சாபோல்ஸ்கி 1972இல் வெளியிட்ட ஆய்வு நூல் கேள்விக்குள்ளாக்கியது. பெர்ட் வேலையை விரைவுபடுத்தியதைவிட, மேலிருந்து வந்த தலையீடுகளைத் தடுக்கும் கேடயமாகவே அதிகம் பயன்பட்டது என்பது அவர் கண்டறிந்தது. வண்ண வண்ண அட்டவணைகளைக் கண்ட மேலதிகாரிகள் திட்டம் கட்டுக்குள் இருப்பதாக நம்பி ஒதுங்கிக்கொண்டார்கள். இன்றைய அலுவலகத் திரைகளில் எத்தனை இந்த வகையைச் சேர்ந்தவை என்று வாசகர் தாமே எண்ணிப் பார்க்கலாம்.

'தொண்ணூறு விழுக்காடு முடிந்தது'

1964இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். சிஸ்டம்/360 கணினிகளுக்கான இயக்கமுறைமையை உருவாக்கும் பணி பெருமளவு தாமதமானது. அதை வழிநடத்தியவர்களுள் ஒருவரான பிரெடரிக் புரூக்ஸ் 1975இல் தம் அனுபவத்தை நூலாக்கினார். மைல்கல் கத்தி முனை போலத் துல்லியமாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். 'நிரல் எழுதும் பணி ஏறக்குறைய முடிந்தது' என்பதை யாரும் எப்போதும் சொல்லலாம். 'நிரல் எல்லாச் சோதனைகளிலும் தேறியது' என்பதை அப்படிச் சொல்ல முடியாது. தேதி தெளிவாக இருந்து நிகழ்வு மங்கலாக இருந்தால், சொல்பவர் பிறரை மட்டுமல்ல, தம்மையும் ஏமாற்றிக்கொள்கிறார்.

அவர் இன்னொன்றையும் கவனித்தார். தாமதச் செய்தி வந்த உடனே மேலாளர் பாய்ந்து தலையிட்டால், அடுத்த முறை அச்செய்தி மேலே வராது. ஆகவே நிலையை அறியும் கூட்டத்தையும் முடிவெடுக்கும் கூட்டத்தையும் பிரித்து நடத்தச் சொன்னார்.

தேதி நகர்ந்த கதைக்கு மைக்ரோசாஃப்டின் 'வேர்டு ஃபார் விண்டோஸ்' முதல் பதிப்பு பெயர் பெற்றது. 1984 செப்டம்பரில், இன்னும் ஓராண்டில் முடியும் என்று மதிப்பிட்டார்கள். வெளிவந்தது 1989 நவம்பரில். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஓர் ஆய்வு, இடையில் ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்ட தேதிகளை வரிசையாகத் தொகுத்தது. 1996இல் ஸ்டீவ் மெக்கானலின் நூல் வழியாக அந்தப் பட்டியல் பலரைச் சென்றடைந்தது. 'ஐந்தாண்டு ஆயிற்று' என்ற ஒற்றை எண்ணைவிட, இலக்கு படிப்படியாகத் தள்ளிப்போனதைக் காட்டும் அந்த வரிசையே கற்பவருக்குப் பயன்படுகிறது.

எல்லோரும் பார்க்கும் பலகை

திறமூலத் திட்டங்களில் அறிக்கை எழுதி மேலதிகாரியை அமைதிப்படுத்தும் தேவை இல்லை. மோசில்லாவின் 'டிண்டர்பாக்ஸ்' பக்கம் நிரல் ஒழுங்காகக் கட்டப்படுகிறதா, முறிந்துவிட்டதா என்பதை வண்ணங்களில் காட்டியது. டெபியன் திட்டம், வெளியீட்டைத் தடுக்கும் வழுக்களின் எண்ணிக்கையை வரைபடமாகப் பொதுவில் வைத்தது. அப்படியிருந்தும் 2002 ஜூலையில் வந்த 'வுடி' பதிப்புக்கு அடுத்த 'சார்ஜ்' 2005 ஜூனில்தான் வந்தது. பலகை உண்மையைச் சொன்னது. வேலையைச் செய்து தரவில்லை.

இதற்கு மறுமுனையில் நின்றது உபுண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, பதிப்பின் பெயரிலேயே ஆண்டும் மாதமும். 2004 அக்டோபரில் வந்தது 4.10. 2006 ஏப்ரலில் 6.04 வந்திருக்க வேண்டும். ஆறு வாரம் தள்ளி ஜூனுக்குப் போனதால் 6.06 ஆனது. தாமதத்தை இப்படிப் பெயரிலேயே பொறித்துக்கொண்ட மென்பொருள்கள் குறைவு.

2010களில் கவனம் திட்டத் தேதியிலிருந்து ஓட்டத்தின் வேகத்துக்குத் திரும்பியது. நிக்கோல் ஃபோர்ஸ்கிரன், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் ஆகியோர் 2018இல் வெளியிட்ட நூல் நான்கு அளவுகளைப் பரவலாக்கியது: எவ்வளவு அடிக்கடி வெளியிடுகிறோம், எழுதிய நிரல் பயனரைச் சேர எவ்வளவு நேரம், வெளியீடுகளில் எத்தனை பழுதாகின்றன, பழுதிலிருந்து மீள எவ்வளவு நேரம். வேகமும் நிலைத்தன்மையும் சேர்த்தே அளக்கப்படுவதால், ஒன்றைக் கெடுத்து மற்றொன்றை உயர்த்திக் காட்டுவது கடினமாகிறது.

இன்று ஒன்றைக் கட்டுவோர்

கல்லூரித் திட்டப்பணியாகவோ அலுவலகத் தேவைக்காகவோ இத்தகைய டாஷ்போர்டை உருவாக்குபவர்கள் முதலில் செய்யும் தவறு தரவுத்தள அட்டவணையில் இருக்கிறது. மைல்கல்லுக்கு ஒரே ஒரு தேதிப் புலம் வைத்து, தேதி மாறும்போது பழையதன்மேல் புதியதை எழுதிவிடுகிறார்கள். அந்தக் கணமே வரலாறு அழிந்துவிடுகிறது. எல்லாக் குழுக்களும் சொன்ன நாளில் முடித்தவையாகவே தெரியும். ஒவ்வொரு மதிப்பீட்டையும், அது சொல்லப்பட்ட நாளோடு தனி வரியாகச் சேர்த்துக்கொண்டே போவது சரியான முறை.

அப்படிச் சேர்த்தால் ஜெர்மனியில் பரவலாகப் பயன்படும் மைல்கல் போக்கு வரைபடத்தை எளிதில் வரையலாம். கிடை அச்சில் அறிக்கை தந்த நாள், செங்குத்து அச்சில் அன்று சொன்ன முடிவு நாள். கோடு கிடையாகச் சென்றால் சொன்ன சொல் நிற்கிறது. மேலேறினால் தேதி நழுவுகிறது. இரண்டு அச்சிலும் நாள் ஒன்றேயாகும் மூலைவிட்டத்தைக் கோடு தொடும் இடமே வேலை முடிந்த இடம். மூலைவிட்டத்துக்கு இணையாக ஏறிக்கொண்டே போகும் கோடு, 'இன்னும் ஒரு மாதம்' என்று ஆண்டு முழுவதும் சொல்லும் குழுவுடையது.

குழுக்களை ஒப்பிடும்போது சராசரியைவிட இடைநிலை அளவே நம்பத்தக்கது, ஏனெனில் ஒரே ஒரு நெடுந்தாமதம் சராசரியை இழுத்துவிடும். முடிவு நாளை மனிதர் தட்டச்சு செய்வதைவிட, நிரல் களஞ்சியமும் சோதனைக் கருவியும் தாமே பதிவது மேல். கல்லை நடுபவரும் நடப்பவரும் வேறாவது அப்போதுதான். நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் கோடைக்கால வியாழன் பிற்பகல் 3 மணிக்கு வெளியான பதிப்பு, சென்னையில் வெள்ளி அதிகாலை 3.30க்கு வெளியாகிறது. மாதக் கடைசி நாளில் இந்த ஒரு விவரம் தவறினால், குறித்த மாதத்தில் முடித்த குழு தாமதப் பட்டியலில் ஏறிவிடும்.