குற்றாலத்துச் செடியும் கரோலினாச் செடியும் எப்போது தூங்கும்?

பூச்சி தின்னும் செடி வளர்க்கிற பைத்தியம் நம்ம பதிவர்களில் நாலைந்து பேருக்காவது இருக்கும் என்று நினைக்கிறேன். எல்லோரும் சொல்வது ஒரே புகார்தான். "வீனஸ் ஃப்ளைட்ராப் வாங்கினேன், ஒரு வருஷம் ஜோரா இருந்துச்சு, ரெண்டாவது வருஷம் கறுத்துப்போய் செத்துருச்சு." தண்ணீர் சரியில்லை, வெயில் பத்தலை, ஈ போடலை என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். தண்ணீர் முக்கியம்தான், உப்பில்லாத மழைத்தண்ணியே ஊத்தணும். ஆனால் மழைத்தண்ணி ஊத்தினவர்கள் செடியும்தானே சாகிறது? அதைத் தூங்க விடவில்லை என்பதுதான் என் கட்சி.

கொஞ்சம் சரித்திரம் சொல்கிறேன், கொட்டாவி விடாதீர்கள் :-)

இந்தச் செடிக்குச் சொந்த ஊர் அமெரிக்காவின் கரோலினா, அதுவும் வில்மிங்டனைச் சுற்றியுள்ள கடலோரச் சதுப்பு நிலங்கள் மட்டும்தான். 1759-ல் வட கரோலினா கவர்னர் ஆர்தர் டாப்ஸ் இதைப் பற்றி லண்டன் நண்பருக்குக் கடிதம் எழுதினார். 1768-ல் உயிருள்ள செடிகள் லண்டன் வந்து சேர, ஜான் எல்லிஸ் டயோனியா என்று பேர் வைத்தார். அப்புறம் பணக்காரர் வீட்டுக் கண்ணாடி அறைகளில் எல்லாம் இதைப் பிடித்தாட்டினார்கள்.

அவர்களுக்கு ஒரு விஷயம் சும்மா கிடைத்தது. குளிர்காலம்! இலங்கைக் குடுவைச் செடியை வளர்க்கத்தான் அவர்கள் நிலக்கரி எரித்து அறையைச் சூடாக்க வேண்டியிருந்தது. கரோலினாச் செடிக்கு அந்தச் சூடு தேவையே இல்லை. நமக்கு அப்படியே தலைகீழ். குடுவைச் செடிக்கு நம்ம ஊர்ச் சூடு போதும், கரோலினாச் செடிக்குத்தான் குளிரைக் காசு கொடுத்து வாங்கணும்.

வில்மிங்டனில் டிசம்பர் பகல் பத்து மணி நேரம்கூட இருக்காது. ஜூனில் பதினாலரை. தென்காசியில் இந்த வித்தியாசம் மொத்தமே ஒரு மணி நேரம்தான். மார்கழியிலும் ராத்திரி 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பகல் சுருங்கி, குளிர் ஏற ஏற, அந்தச் செடி பெரிய இலைகளை விட்டுவிட்டுத் தரையோடு ஒட்டிக் குட்டி இலைகளாக உட்கார்ந்துவிடும். உயிரெல்லாம் மண்ணுக்கடியில் உள்ள கிழங்குத் தண்டில். இங்கே அந்தச் சமிக்ஞை வராததால் அது பாட்டுக்கு இலை விட்டுக்கொண்டே இருக்கும், ரெண்டு மூணு வருஷத்தில் ஓய்ந்துபோகும்.

நான் செய்வது இதுதான். டிசம்பர் முதல் வாரத்தில் செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி, கறுத்த இலைகளை நறுக்கிவிட்டு, ஈரமான ஸ்பாக்னம் பாசியில் சுற்றி ஜிப் கவரில் போட்டு ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வைக்கிறேன். நாலைந்து டிகிரி. (ஃப்ரீசரில் வைத்தால் கதை முடிந்தது.) பதினைந்து நாளுக்கொரு முறை பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்கணும். பிப்ரவரி கடைசியில் வெளியே. முதல் வருஷம் அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டு, "ஏல, மல்லித்தழ வைக்க எடத்துல என்னத்தடே கொண்டு வச்சிருக்க?" என்று போட்ட சத்தம் தனிக் கதை. இப்போது அவங்களே "கவரத் தொறந்து பாத்தியால?" என்று ஞாபகப்படுத்துகிறாங்க.

இவ்வளவு பாடு படும்போதுதான் நம்ம ஊர்ச் செடிகள் எப்போது தூங்கும் என்று யோசித்தேன். நம்ம ஊரிலும் இருக்கா என்று கேட்காதீர்கள். இலையில் பிசின் துளி துளியாக மினுங்கும் ட்ரோசெரா தமிழ்நாட்டிலேயே மூணு வகை உண்டு. சித்த வைத்தியத்தில் அழுகண்ணி என்பது இதுதான் என்று பலரும் சொல்கிறார்கள். ட்ரோசெரா இண்டிகா என்ற பேரை லின்னேயஸ் 1753-ல் வைத்தார். பால் ஹெர்மன் என்ற டச்சுக் கம்பெனி டாக்டர் 1670களில் இலங்கையில் காய வைத்த செடியைப் பார்த்து வைத்த பேர். ராபர்ட் வைட்டும் ஆர்னாட்டும் 1834-ல் போட்ட தென்னிந்தியத் தாவர நூலில் மூணு வகையுமே இருக்கின்றன. இந்த வைட் அப்புறம் பாளையங்கோட்டையில் இருந்தபோது குற்றாலம் வந்து செடி சேகரித்தவர். அவருக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம்மவர்கள்.

1860-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பக்கம் டார்வின் பார்த்து மயங்கினதும் ஒரு ட்ரோசெராதான். பூச்சி தின்னும் செடிகள் பற்றி 1875-ல் அவர் போட்ட புத்தகத்தில் பெரும்பகுதி அதைப் பற்றியே. அந்த இங்கிலாந்துச் செடி குளிர்காலத்தில் இறுகின மொட்டாகச் சுருண்டு தூங்கும். நம்மதோ அதே குடும்பம், அதே பிசின், ஆனால் தூங்குவது கோடையில்! நீலகிரி, கொடைக்கானல் புல்வெளியில் இருக்கும் ட்ரோசெரா பெல்டேட்டா மண்ணுக்கடியில் சின்னக் கிழங்காக வறட்சியைக் கழிக்கிறது. இண்டிகாவும் பர்மானியும் அதற்கும் ஒரு படி மேலே. ஈரம் இருக்கும் வரை வாழ்ந்து, பூத்து, தூசி போல விதையைக் கொட்டிவிட்டுச் செத்துவிடும். தூங்குவது விதைதான்.

இது தெரியாமல் நம்மாட்கள் அதைத் தோண்டி வந்து தொட்டியில் வைத்துவிட்டு, நாலைந்து மாதத்தில் காய்ந்ததும் தொட்டியைக் குப்பையில் கவிழ்த்துவிடுகிறார்கள். இனிமேல் தோண்டாதீர்கள், புண்ணியமாய்ப் போகும். சதுப்பான இடமே குறைந்துகொண்டு வருகிறது. ஏற்கெனவே தொட்டியில் வைத்திருப்பவர்கள், செடி காய்ந்தாலும் மண்ணைக் கொட்டாமல் நிழலில் ஒரு ஓரமாக வையுங்கள். ஆனியில் சாரல் விழ ஆரம்பித்ததும் அந்த மண்ணை மழையில் நனைய விட்டுப் பாருங்கள்.