யானை பார்த்த காசு

சிபாட்டாவில் கணக்கு வாத்தியாராக இருந்த காலத்தில், விடுமுறைக்கு ஊருக்குப் போக முடியாத வருஷங்களில் எங்களுக்குப் போக்கிடம் லுவாங்வா பள்ளத்தாக்குதான். ஜாம்பியாவின் கிழக்கு மாகாணத்தில், செம்மண் சாலையில் குலுங்கிக்கொண்டே மலையிறங்கினால் முஃபுவே. அதைத் தாண்டினால் ஆறும் காடும். சிங்கத்தையும் சிறுத்தையையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அங்கே போகும்போதெல்லாம் வந்தது கணக்கு வாத்தியாருக்கே உரிய சந்தேகம்: பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் காசெல்லாம் யார் பெட்டிக்குப் போகிறது?

பழைய சஃபாரி துப்பாக்கிக்காரர்களுடையது. 1909இல், அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து இறங்கிய கையோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்த தியோடர் ரூஸ்வெல்ட்டும் மகன் கெர்மிட்டும் சேர்ந்து சுட்டவை மட்டும் 512. மூட்டை சுமக்க ஆப்பிரிக்கர்கள் வரிசையாக நடந்தார்கள். காசு கொடுத்து உரிமம் வாங்கிச் சுட்ட வெள்ளைக்காரர் வேட்டைக்காரர். நாட்டுத் துப்பாக்கியோடு கறிக்குப் போன கிராமத்தான் திருடன். அதே கிராமத்தானின் சோளத்தைத்தான் ராத்திரியில் யானை தின்றுவிட்டுப் போகும்.

நார்மன் கார் என்ற பிரிட்டிஷ்காரரின் வேலையே அப்படிப் பயிரில் இறங்கும் யானைகளைச் சுடுவது. ஜாம்பியா அப்போது வடக்கு ரொடீசியா. 1950இல் அவர் குந்தா மக்களின் தலைவர் என்செஃபுவிடம் போய்ப் பேசினார். நிலத்தில் ஒரு பகுதியை விலங்குகளுக்கு ஒதுக்குங்கள், பார்க்க வருகிறவர்கள் தங்க இடம் கட்டலாம், வரும் வருமானம் உங்கள் மக்களுக்கு. சுடாமல், வெறுமனே பார்க்க மட்டும் காசு கொடுப்பார்களா என்று அந்தக் காலத்தில் யாருக்குமே சந்தேகம் வந்திருக்கும். தலைவர் சம்மதித்தார். ஆற்றங்கரையில் ஆறு வட்டக் குடிசைகள் எழுந்தன. கட்டணம் தலைவரின் நிர்வாகக் கருவூலத்துக்குப் போனது. வடக்கு ரொடீசியாவில் பொதுமக்களுக்கென்று திறந்த முதல் வனவிலங்கு முகாம் அதுதான்.

நார்மன் கார் பிறகு இரண்டு சிங்கக் குட்டிகளை வளர்த்துக் காட்டில் விட்டார், அதைப் பற்றி 1962இல் புத்தகமும் வந்தது. உலகம் சிங்கத்தைப் பிடித்துக்கொண்டது. கருவூல விஷயத்தைச் சொல்பவர்கள் குறைவு. எனக்கென்னவோ அவர் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான் என்று தோன்றும்.

அறுபதுகளில் அவர் தொடங்கிய நடைப் பயணம்தான் இன்றும் லுவாங்வாவின் அடையாளம். விடிவதற்கு முன்பே எழுப்பிவிடுவார்கள். நெருப்போரம் நின்றபடியே சோளக்கஞ்சியும் காப்பியும். பிறகு ஒற்றை வரிசை. முன்னால் துப்பாக்கியோடு காவலர், அடுத்து வழிகாட்டி, நடுவில் நாங்கள், கடைசியில் தேநீர்ப் பையைத் தூக்கிவரும் ஆள். பேச்சு கூடாது. மழைக்காலத்துக் கரிசல் சேற்றில் யானை வைத்த காலடி வெயிலில் இறுகி ஆழக் குழியாகக் கிடக்கும். அசந்தால் கணுக்கால் பிசகும். குனிந்து பார்த்தால் பாதத்து வெடிப்புக்கோடுகள்கூட அப்படியே பதிந்திருக்கும். நீர்யானை வாலால் விசிறியடித்த சாணம் புதர் இலைகளில் காய்ந்து ஒட்டியிருக்கும். எங்கோ பூகு மான் சீழ்க்கையடித்தால் வழிகாட்டியின் கை தானாக உயரும், எல்லோரும் நிற்போம். வெயில் ஏறுவதற்குள் மரநிழலில் தேநீர். மத்தியானம் மனிதனும் மிருகமும் சேர்ந்து தூக்கம். நாலு மணிக்கு மேல் திறந்த ஜீப், இருட்டினால் கையில் விளக்கு. சிறுத்தை பார்ப்பது பெரும்பாலும் அந்த வெளிச்சத்தில்தான்.

1964இல் நாடு சுதந்திரம் பெற்றது. 1972இல் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவானது. ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கும் என்செஃபு பகுதியும் அதற்குள் வந்தது. காசு லுசாகாவுக்குப் போகத் தொடங்கியது. இதற்காக அரசை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை, புதிய நாட்டுக்கு ஆயிரம் செலவு. ஆனால் யானையின் தொல்லை கிராமத்திலேயே இருந்தது, வரும்படி மட்டும் தலைநகரம் போய்விட்டது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தந்தத்துக்கும் கொம்புக்கும் கும்பல்கள் புகுந்தபோது, காட்டிக்கொடுக்கக் கிராமத்துக்கு என்ன காரணம் இருந்தது? கருங்காண்டாமிருகம் பள்ளத்தாக்கிலிருந்தே ஒழிந்தது. 2003இல்தான் வடக்கு லுவாங்வாவுக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள்.

1986இல் நார்வே உதவியோடு ஒரு வளர்ச்சித் திட்டம் வந்தது. பூங்கா வருமானத்தில் உள்ளூருக்கும் பங்கு என்று மறுபடி பேச்சு எழுந்தது. என்செஃபு தலைவருக்கு 1950இலேயே கிடைத்த விஷயம்.

ஒருமுறை தேநீர் இடைவேளையில் எங்கள் காவலரிடம், ஊருக்குப் பங்கு வருகிறதா என்று கேட்டேன்.

"வருகிறது டீச்சர். மாவு மில் வாங்கிப் போட்டார்கள்."

"ஓடுகிறதா?"

"ஓடும். டீசல் யார் வாங்குவது என்றுதான் கமிட்டியில் சண்டை. போன வருஷம் அரைக்க எங்கள் வீட்டில் சோளமும் இல்லை. யானை தின்றுவிட்டது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கோப்பையை உதறிப் பையில் போட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.