வெடி ஊரின் வேட்டை நாய்

"சிப்பிப்பாறை குட்டி தத்தெடுத்திருக்கோம், வீட்டுக்கு எப்படிப் பழக்குறது?"ன்னு சிலர் கேட்டிருந்தீங்க. நான் வரலாறு பேசுற ஆள். அதனால அந்த நாயோட ஊர்ல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை ரெண்டுமே நாய் இனத்துக்குப் பேர் கொடுத்த ஊர்கள். ரெண்டுமே விருதுநகர் மாவட்டம். சிவகாசி, சாத்தூர் பட்டாசு ஆலைகளும் அங்கேதான். காரணம், மழை குறைஞ்ச அந்த மண். காய்ஞ்ச காத்துல வெடிமருந்து சீக்கிரம் உலரும். மரமில்லாத வெளியில முயல் ஓடுறது தூரத்துலயே தெரியும். சிப்பிப்பாறை மோப்பத்தைவிட கண்ணை நம்பி விரட்டுற நாய்.

இதோட நெருங்கின சொந்தம் கன்னி. கல்யாணப் பொண்ணுக்குச் சீதனமா அந்த நாயைக் கொடுத்தனுப்புவாங்கன்னு தென்மாவட்டங்கள்ல சொல்வாங்க. பொண்ணும் நாயும் ஒண்ணா புது வீட்டுக்குப் போகும்; தெரிஞ்ச முகம் ஒண்ணு கூடவே இருக்கும். உங்க ஃபிளாட்டுக்கு வர்ற குட்டிக்கு அதுகூட இல்ல. அது படுத்திருந்த பழைய துணியையாவது கேட்டு வாங்கிட்டு வாங்க. முதல் சில நாள் மூலையில ஒளிஞ்சா இழுக்காதீங்க.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதுக்கப்புறம் வந்த திருத்தங்களும் வேட்டையை நிறுத்தின. நாய்க்கு வேலை போச்சு. 2005-ல ராஜபாளையம் தபால்தலையில வந்துச்சு. 2020 ஆகஸ்ட்ல பிரதமர் வானொலியில சிப்பிப்பாறை பேரைச் சொன்னார். வேலை போனாலும் கால் அப்படியேதான் இருக்கு. கேட் திறந்திருந்தா, ஒரு வெடிச் சத்தம் போதும், தெருவைத் தாண்டிடும்.

2021 பிப்ரவரி 12-ல சாத்தூர் பக்கம் அச்சங்குளத்துல பட்டாசு ஆலை வெடிச்சு இருபது பேருக்கு மேல இறந்தாங்க. நம்ம நாய் நடுங்குற சத்தத்தைச் செய்யுறவங்க அவங்கதான். அதனால "நாய்க்காகப் பட்டாசையே ஒழிக்கணும்"னு என்னால சுலபமா சொல்லிட முடியல. அந்தக் கூலியை நம்பித்தான் அங்க பல வீட்ல அடுப்பு எரியுது.

நம்ம கையில இருக்கறதைச் செய்யலாம். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம், தமிழ்நாட்டுல தீபாவளிக்குக் காலை 6-7, இரவு 7-8 மணிதான் அனுமதி. தெருவுல அதுக்கு முன்னாடியும் வெடிக்கும், தெரிஞ்சதுதானே. அதனால வாக்கிங்கை விடியறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. சாயங்காலம் உள்ரூம்ல ஜன்னலைச் சாத்தி, ஃபேனை ஓடவிட்டு, நீங்களும் பக்கத்துல உட்காருங்க. கழுத்துப் பட்டையில போன் நம்பர் இருக்கட்டும். முக்கியமா, தீபாவளி வாரத்துல புதுக் குட்டியைக் கொண்டு வராதீங்க. ஒரு மாசம் தள்ளிப் போடுங்க.