மாற்று அறிதலும் உடையவரை அறிதலும்

செங்கம் சாலையில் ரமணாசிரமம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பு, 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி கோகுலாஷ்டமியன்று, திருக்கோவிலூரை அடுத்த கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் என்பவரின் வீட்டில் ஓர் அடகு வியவஹாரம் நடந்தது. பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த பதினாறு வயது வேங்கடராமன், திருவண்ணாமலைக்கு ரயிலேறுவதற்காகத் தம் காதிலிருந்த தங்கக் கடுக்கன்களைக் கழற்றிக் கொடுத்து நாலு ரூபாய் கேட்டார். பாகவதர் அவற்றை வாங்கிப் பார்த்து, இருபது ரூபாய் பெறும் என்று கணித்து, கேட்ட தொகையைக் கொடுத்ததோடு, சிறுவனின் விலாசத்தைக் குறித்துக்கொண்டு தம் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைச் சிறுவன் கிழித்தெறிந்ததை வைராக்கியத்தின் லக்ஷணமாகப் பக்தர்கள் சொல்வார்கள். என் கவனமோ பாகவதர்மேல் செல்கிறது. பொருள் மெய்யானதா, அதற்கு உடையவர் யார் என்ற இரண்டு விசாரணைகளையும் அந்தக் கிருஹஸ்தர் ஒரே இருப்பில் முடித்துவிட்டார்.

பொன்னுக்கு உரைகல் உண்டு. மாற்றுத் தெரிந்த பொன்னைப் பக்கத்தில் உரைத்து, இரண்டு கோடுகளின் நிறத்தையும் ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். ஐம்பொன் விக்கிரகத்துக்கு அப்படி ஒரு கல் இல்லை. ஆனால் ஸ்தபதி மெழுகில் கருவைச் செய்து, வண்டல் மண் பூசிக் காயவைத்து, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்து, பிறகு அச்சை உடைத்தே விக்கிரகத்தை வெளியே எடுக்கிறார் என்பதால், ஒன்றைப் போல இன்னொன்று அச்சு அசலாக அமைவதில்லை. திருவாசியில் ஒரு சுடர் குறைந்திருப்பது, பீடத்துத் துவாரத்தின் கோணல், வார்ப்பில் விழுந்த சிறு பள்ளம், தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் கண்டதால் மழுங்கிய மூக்கு ஆகியவையே அதன் அங்க அடையாளங்கள்.

இவற்றைக் கண்டறியும் வித்தை மேலைநாட்டு ஏல விடுதிகளிலும் வியாபாரிகளிடமும் அபாரமாக வளர்ந்தது. உடையவர் யார் என்ற கேள்வி மட்டும் ஒரு காகிதத்தோடு நின்றுவிட்டது. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராஜர், பழுது பார்ப்பதற்காக ஒரு ஸ்தபதியிடம் அனுப்பப்பட்டார். திரும்பி வந்ததோ புதிதாக வார்த்த பிரதி. கோயிலில் இருப்பது அசலன்று என்பதைப் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் 1965இல் வெளியிட்ட தமது நூலில் வெளிப்படுத்தினார். அதற்குப் பிறகும், 1973இல், அமெரிக்கச் செல்வர் நார்ட்டன் சைமன் அசலை ஒன்பது லக்ஷம் டாலருக்கு வாங்கினார் என்றால், நிபுணரின் கண்ணுக்கும் வாங்குபவரின் மனச்சாட்சிக்கும் இடையே உள்ள தூரத்தை ஒருவாறு அனுமானித்துக்கொள்ளலாம். வழக்கும் சமரசமும் ஆகி நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பியது 1986இல்.

பத்தூர் நடராஜரின் கதை இதனினும் ரஸமானது. 1976இல் ஒரு கூலித் தொழிலாளியின் மண்வெட்டியில் தட்டுப்பட்டு, கைமாறிக் கைமாறி லண்டன் சேர்ந்து, ஒரு கனடா கம்பெனிக்கு விற்கப்பட்ட அவரை, பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் பரிசோதனைக்காக வந்த இடத்தில் போலீஸார் கைப்பற்றினார்கள். உடன்வந்த பூர்வோத்தரக் காகிதம் பொய். ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமுமோ மெய். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி லண்டன் சென்று சாட்சி சொன்னார். 1988இல் கிடைத்த தீர்ப்பை 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்ய, அதே ஆண்டு நடராஜர் தாயகம் மீண்டார். பாழடைந்த ஒரு கிராமத்துக் கோயில் அந்நிய ராஜ்யத்து நியாயஸ்தலத்தில் வழக்காளியாக நின்று ஜெயித்த விந்தை அது.

காகிதத்தை நம்பியதன் பலனை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடமும் அனுபவித்தது. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராஜரை 2008இல் ஐம்பது லக்ஷம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியபோது, களவுப் பொருள்களின் பதிவேட்டில் அவர் இல்லை என்ற சான்றிதழும் கையிலிருந்தது. பூட்டிக் கிடந்த கோயிலில் களவு நடந்ததே வெளியே தெரியாதபோது பதிவேடு எதைச் சொல்லும்? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1956 முதல் கோயில் கோயிலாகச் சென்று எடுத்துச் சேர்த்துவைத்த புகைப்படங்களில் ஒன்றுதான் கடைசியில் உண்மையைச் சொல்லிற்று. 2014இல் விக்கிரகம் திரும்பி வந்தது. விற்றவரான சுபாஷ் கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022இல், வேறொரு சிலைக் களவு வழக்கில், பத்தாண்டுச் சிறை விதித்தது. நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் விடுதியின் ஏலத்துக்கு வந்திருந்த இரண்டு இந்தியக் கற்சிற்பங்களை 2016 மார்ச்சில், விற்பனைக்குச் சில நாட்கள் முன்னதாக, அதிகாரிகள் எடுத்துச் சென்றதும் இத்தகையதொரு களவு விசாரணையின் விளைவே.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த சிற்பங்களை ஏற்றுமதி செய்யும் உரிமையைத் தனியாரிடமிருந்து நீக்கிவிட்டது. ஆகவே ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள கடைகளில் வெண்கல நடராஜரை வாங்கும் வெளிநாட்டு அன்பர், பார்வைக்குப் பழையதாகத் தோன்றும் அந்த விக்கிரகம் உண்மையில் பழையதன்று என்று தொல்லியல் துறையிடம் சான்று பெற்றுக்கொள்வதே உசிதம். ஏலக்காரர் பழமையை நிரூபிக்கப் பாடுபட, இவர் புதுமையை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கபூரின் ஆட்கள் இந்த விதியையும் விட்டுவைக்கவில்லை. சோழர் காலத்து விக்கிரகங்களைச் சென்னைத் துறைமுகத்தில் அவர்கள் ஏற்றியது, புதிய கைவினைப் பொருள் என்ற பெயரிலேதான்.