போலச்செய்தலும் தன்விருப்பும்

கருத்துகள் ஒருவர் மனத்திலிருந்து மற்றொருவர் மனத்துக்குப் பரவுபவை என்றால், மனிதன் எடுக்கும் முடிவில் அவனுக்கே உரியது எவ்வளவு என்பது மெய்யியலும் சமூகவியலும் சந்திக்கும் வினா. இதை முறைப்படி ஆராய்ந்த முன்னோடி பிரெஞ்சு அறிஞர் காப்ரியேல் தார்து (1843–1904). சார்லா என்னும் சிற்றூரில் 1875 முதல் 1894 வரை விசாரணை நடுவராக இருந்தவர். குற்றங்களும் நாகரிக வழக்கங்களைப் போலவே ஊர்விட்டு ஊர் பரவுவதை அவர் கவனித்தார். 1890இல் ‘போலச்செய்தலின் விதிகள்’ என்னும் நூலை வெளியிட்டார்.

சமூகம் என்பதே போலச்செய்தல்தான் என்றார் தார்து. சமூகத்தில் வாழும் மனிதன் தூக்கத்தில் நடப்பவனைப் போன்றவன். பிறர் ஊட்டிய எண்ணங்களைத் தன்னுடையவை என்றே நம்புகிறான். பரவலை அவர் இருவகையாகப் பிரித்தார். உண்மை அல்லது பயன் கருதி ஏற்பது தருக்கவழிப் பரவல். செல்வாக்குக்கு உட்பட்டு ஏற்பது தருக்கம் சாராதது. இரண்டாவது வகை மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கும், தலைநகரிலிருந்து சிற்றூருக்கும் இறங்கும். அகத்திலிருந்து புறத்துக்கும் செல்லும்: 16ஆம் நூற்றாண்டில் பிரான்சு முதலில் ஸ்பானிய இலக்கியத்தின் செல்வாக்குக்கு உட்பட்டது, ஸ்பானிய உடை அதன் பின்னரே வந்தது. முன்னோரைப் பின்பற்றுவது மரபு, சமகாலத்தவரையும் அயலாரையும் பின்பற்றுவது புதுமோகம் என்ற பாகுபாடும் அவருடையதே.

எனினும் தார்து மனிதனை வெறும் கருவியாக்கிவிடவில்லை. இரண்டு கருத்துகள் ஒரே மனத்தில் மோதும்போது அவன் தயங்குகிறான். எதை ஏற்பது என்ற போர் அவனுக்குள்தான் நடந்து முடிகிறது. புதுமை பிறப்பதும் பல கருத்தோட்டங்கள் ஒரு தனிமனத்தில் சந்திக்கும்போதுதான்.

குற்றப் பொறுப்பைப் பற்றியும் தார்து சிந்தித்தார். குற்றவாளி பிறவியிலேயே உருவாகிறான் என்ற இத்தாலியர் லொம்ப்ரோசோவின் கொள்கையை அவர் மறுத்தார். தானே தேர்ந்து செயல்படும் தன்விருப்பு இருந்தால்தான் தண்டிக்கலாம் என்ற பழைய சட்டக் கொள்கையையும் ஏற்கவில்லை. 1890இலேயே வந்த ‘தண்டனை மெய்யியல்’ நூலில் பொறுப்புக்கு வேறு இரு அடிப்படைகளைக் காட்டினார். செயலைச் செய்தவனும் இன்று கூண்டில் நிற்பவனும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். தீர்ப்பளிக்கும் சமூகத்தோடு அவனுக்கு ஒப்புமை இருக்க வேண்டும். சித்தம் பிறழ்ந்தவன் தானாக இல்லாததால் அவன்மீது பொறுப்பு விழாது. தன்விருப்பு உண்டா இல்லையா என்ற வழக்கு முடியும்வரை நீதிமன்றம் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இதன் பெரும் பயன்.

தார்துவுக்கு மாறாக, சமூக உண்மைகள் தனிமனிதனுக்கு வெளியே நின்று அவனைக் கட்டுப்படுத்துபவை என்றார் பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்க்கைம். ‘தற்கொலை’ (1897) நூலில் போலச்செய்தலுக்கு மிகச் சிறிய இடமே தந்தார். 1903இல் இருவரும் பாரிசில் நேருக்கு நேர் வாதிட்டனர். தனிமனிதன் தயங்கும் கணத்தைத் துர்க்கைமின் விளக்கம் கணக்கில் கொள்ளவில்லை. முடிவில் மனிதனுக்கே உரியது எவ்வளவு என்ற வினாவைப் பொறுத்தவரை தார்துவின் விளக்கமே பொருத்தமானது.

இதே வினா பிற்காலத்திலும் எழுந்தது. கருத்துகளும் வழக்கங்களும் போலச்செய்தல் வழியே மனத்திலிருந்து மனத்துக்குப் பரவும் அலகுகள் என்னும் மீம் கோட்பாட்டை ரிச்சர்ட் டாக்கின்ஸ் முன்வைத்தார் (1976). சூசன் பிளாக்மோர் அதைக் கொண்டு தன்விருப்பை மறுத்தார் (1999). டேனியல் டென்னெட் அதே கோட்பாட்டை ஏற்றும் தன்விருப்பு உண்டு என்றார் (2003).