ஒத்தைப் பைசாவும் மாட்டு வண்டியும்

ஏனுங்க, ஒரு பைசாவுக்கு இப்ப என்ன மதிப்பு? அந்தக் காசே செல்லாது. ஆனா 1970-ல யூனிட்டுக்கு ரெண்டு பைசா ஏத்துனதுக்காக நம்ம கோயமுத்தூர் ஜில்லாவுல உசுரு போயிருக்கு. பெரியநாயக்கன்பாளையத்துல என் வயசுப் பசங்க நிறையப் பேருக்கு இந்தக் கதை தெரியாது. அதான் இந்தப் பதிவு.

மொதல்ல நம்ம மண்ணைப் பத்தி. மேக்கால மலை இருந்தாலும் நமக்கு மழை கம்மி. டெல்டா மாதிரி வாய்க்கால் பாசனம் எல்லா ஊருக்கும் கெடையாது. பாறையை ஒடச்சுத் தோண்டுன கெணறுதான் கதி. 1930-கள்ல பைக்காரா மின்சாரம் வந்த பொறவு மில்லும் மோட்டாரும் பெருகுச்சு. மாட்டைப் பூட்டி இறைச்ச தோட்டங்கள்ல பம்புசெட்டு வந்துச்சு. தஞ்சாவூர்க்காரருக்கு மேட்டூர் எப்படியோ, நம்மாளுக்குக் கரண்டு அப்படி. தண்ணி கீழ போகப்போக மோட்டார் ஓடற நேரம் கூடும், பில்லும் கூடும்.

இந்த நெலமையில, 1970-ல விவசாய மின்கட்டணம் 8 பைசாவுல இருந்து 10 பைசா ஆச்சு. கட்டணத்தை ஏத்தறதுக்கு முன்னாடி ஜனங்ககிட்ட ஆட்சேபணை கேக்கணும்னு அன்னிக்குச் சட்டத்துல இல்லை. வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில விவசாயிங்க ரோட்டுக்கு வந்தாங்க. ஜூன் 19-ந் தேதி பெருமாநல்லூர்ல போலீஸ் சுட்டதுல மூணு பேர் செத்தாங்க. அப்புறம்தான் அரசு ஒரு பைசா கொறைச்சுது.

1972-ல மறுபடியும் ஏத்தம். இந்தத் தடவை நம்மாளுங்க கொண்டுபோன ஆயுதம் மாட்டு வண்டி! ஆயிரக்கணக்கான வண்டிங்க கோவை ரோட்டுல நின்னுச்சு, ஊரே அசையலை. அதே வருசம் ஜூலை 5-ல போராட்டத்துல சாவு விழுந்துச்சு. இன்னிக்கும் அந்த நாளை விவசாயிங்க தியாகிகள் நாளா நெனைக்கறாங்க. 1984-ல சிறு விவசாயிகளுக்கும், 1989-91 ஆட்சியில எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கெடைச்சதுக்குப் பின்னாடி இத்தனை கதை இருக்கு. நாயுடு 1984 டிசம்பர்லயே காலமாயிட்டாரு. அவருக்கு வையம்பாளையத்துல மணிமண்டபம் இருக்கு.

சரி, இப்ப நம்ம கதைக்கு வருவோம். 2003 மின்சாரச் சட்டத்துல 64-ஆவது பிரிவு ஒண்ணு இருக்கு. கட்டணம் மாத்தணும்னா அந்த மனுவைப் பொதுவுல வெளியிடணும். மாநில ஒழுங்குமுறை ஆணையம் ஜனங்களோட ஆட்சேபணையைப் பரிசீலிச்ச பொறவுதான் உத்தரவு போடணும். அதாவது, அன்னிக்கு வண்டி கட்டிட்டுப் போயி கேட்ட கேள்வியை இன்னிக்கு ஒரு காயிதத்துல எழுதிக் கேக்கலாம். 2022 ஆகஸ்ட்ல கோவையிலயே கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்துச்சு.

"போனா மட்டும்? செப்டம்பர்ல ஏத்திட்டாங்களே"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா வந்த ஆட்சேபணைகளும் அதுக்கு என்ன பதிலுங்கறதும் உத்தரவுலயே பதிவாகும். மேல்முறையீட்டுக்குப் போறவங்களுக்கு அது ஒரு பிடி. யாருமே எழுதலைன்னா, யாருக்கும் ஆட்சேபணை இல்லைங்கற மாதிரி ஆயிடும். எங்க பொட்டித் தட்டற தொழில்லயும் அப்படித்தான்: டெஸ்டிங்ல வாயைத் தொறக்காதவன் ரிலீஸுக்கு அப்புறம் கத்தி என்ன புண்ணியம்? :)

அடுத்த தடவை அறிவிப்பு வந்தா ஒரே ஒரு பக்கம் எழுதுங்க. தமிழ்லயே எழுதலாம். "எல்லாம் அநியாயம்"னு பொதுவா எழுதாதீங்க. உங்க வீட்டு பில்லு, தறிக்கூடத்து பில்லு, லேத்துப் பட்டறை பில்லு எதுவோ, அது இப்ப எவ்வளவு, மாத்துனா எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டு வைங்க. பக்கத்து வீட்டுக்காரரையும் ஒரு கையெழுத்து போடச் சொல்லுங்க.

அன்னிக்கு அவங்க உசுரைக் குடுத்தாங்க. நம்மகிட்ட கேக்கறது அரைமணி நேரமும் ஒரு தபால்தலையும்தானுங்க.